ஐயாயிரத்து நூற்றைம்பது

மாடியில் நான். கீழே இவர்,
மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டி
டிவிக்கு முன்னால்.
இடையில் இருபது மீட்டர் கறுப்பு வயர்,
சன்னல் கம்பி வழியாக.

ஆறடித் தட்டு. வள்ளியூரில் கடையை மூடிய
கேபிள்காரர் ஏசுவடியானிடம்
ஆயிரத்து நானூறுக்கு வாங்கியது.
மாதச் சந்தா இல்லை, ஒரு தடவை திருப்பினால் போதும் என்றார்.
எந்தப் பக்கம் என்பதை
பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதித் தந்தார்:
தெற்கு, கொஞ்சம் கிழக்கே தள்ளி,
கூடங்குளத்தப் பாத்தாப்ல.

டெல்லியில் இந்தத் தட்டு
சுவரில் சாய்ந்த ஆளைப்போல் நிற்குமாம்.
பணகுடியில் ஏறக்குறைய மல்லாந்து கிடக்கணும்.
நமக்கு உச்சந்தலைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது அது,
முப்பத்தாறாயிரம் கிலோமீட்டரில்.
நேற்றுச் சாரலில் தேங்கிய தண்ணீரில்
ஒரு காக்கா குளித்துவிட்டுப் போனது.

"வருதா?"
"சிக்னல் எம்பத்தாறு. குவாலிட்டி பூஜ்யம்."

பதினொரு நாளில் எங்களுக்குள் இதுதான்
முதல் பேச்சு.

நஷ்டஈட்டுப் பணத்தில் பாதி
அவர் தம்பி கணக்குக்குப் போனதை
எனக்குச் சொன்னது பேங்க் மெசேஜ்.
அன்றிலிருந்து சோறு வைத்தேன், மாத்திரை வைத்தேன்,
செம்பில் தண்ணீரும் வைத்தேன்.
பேச்சு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை.

பதிமூணாம் நம்பர் ஸ்பேனர்.
நட்டைத் தளர்த்தி ஒரு விரற்கடை கிழக்கே.
"இப்ப?"
"பூஜ்யம்."
அரை விரற்கடை மேற்கே.
"பூஜ்யம்."
கொஞ்சூண்டு நிமிர்த்தி.
"எட்டு... இல்ல, வந்துட்டுப் போயிட்டு. பூஜ்யந்தான்."

ஆனிக்காற்று கணவாயிலிருந்து நேரே வருகிறது.
நைட்டிக்கு மேல் போட்ட துண்டு பறந்து
அடுத்த தெருவில் விழுந்தது.
மேற்கே காற்றாடிகள். அதில் நாற்பத்தேழாம் நம்பர்தான்
இவரை ஏணியிலிருந்து கீழே விட்டது.
அது பாட்டுக்குச் சுற்றுகிறது.

மகேந்திரகிரி அடிவாரத்தில்
ராக்கெட் எஞ்சினைக் கட்டிவைத்து எரித்துப் பார்க்கிற நாளில்
எங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டெல்லாம்
அலமாரியில் நடுங்கும்.
அத்தனை சத்தம் போட்டு மேலே அனுப்புகிறதில் ஒன்றை
ஒற்றை ஸ்பேனரோடு நான் தேடுகிறேன்.

எல்.என்.பி.யின் கழுத்தைத் திருகினேன்.
வளையத்தை ஏற்றினேன், இறக்கினேன்.
வயர் முனையில் வெள்ளிச்சரடு ஒன்று
நடுக்கம்பியைத் தொடுகிறதோ என்று
பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தேன்.
இரண்டு மணி நேரம்.
தொட்டி நிறைந்து வழிந்தது, யாரோ மோட்டாரை நிறுத்தினார்கள்.

கீழேயிருந்து குரல் இல்லை.
நானும் கேட்கவில்லை.

"ஏட்டி, ஜெயசீலி."
பேர் சொல்லி.

"மெனுவுல எல்.என்.பி. அலைவரிசைன்னு ஒண்ணு கெடக்கு.
பெரிய தட்டுக்கு ஐயாயிரத்து நூத்தம்பது போடணும்.
சின்னத் தட்டுக்குள்ளத அப்படியே விட்டிருக்கேன்.
மொதல்லருந்தே.
நான்தான். சொல்லாம... பாக்காம விட்டுட்டேன்."

சொல்லாம என்றாரா, இல்லை
காற்றில் எனக்கு அப்படிக் கேட்டதா?
ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மாத்திட்டீயளா?"
"மாத்திட்டேன். மொதல்ல வச்ச எடத்துக்குக் கொண்டு வா."

முதலில் வைத்த இடத்தில்
நகப்பாலிஷால் கோடு போட்டிருந்தேன்.
வண்டிக்காரன் மாட்டைத் திருப்புகிற மாதிரி
தட்டின் விளிம்பைப் பிடித்து மெள்ள.

"பதினேழு. நாப்பது. அறுவத்தொண்ணு.
நிறுத்து. நிறுத்துட்டி!"

நட்டை இறுக்கியபோது மூன்று குறைந்தது.
இறுக்கினால் குறையத்தான் செய்யும்,
ஏசுவடியான் சொல்லியிருந்தார்.

"என்ன படம்?"
"எவனோ கத்திரி நாத்து நடுதான். பாஷ தெரியல."
"சத்தத்த வைங்க."

தம்பி பணத்தை நாளைக்குக் கேட்க வேண்டும்.
இப்போதைக்குத் தட்டின் குழியில் ஆணியை வைத்து
கல்லால் அடித்தேன், தண்ணீர் வடிய.
கைப்பிடிச் சுவரில் காக்கா.

"அம்பது! நாப்பத்திரெண்டு! என்னட்டி செய்யுத அங்கன?"